பள்ளிகொண்டா சாலையில் வெடித்த டயர்

பன்னிரண்டு வருஷம் ஆம்பூரில் எனக்குக் குடிகாரன் என்று பெயர். நான் கள்ளே தொடாதவன் என்று சொல்ல வரவில்லை. பண்டிகையில் குடித்திருக்கிறேன், கல்யாண வீட்டில் குடித்திருக்கிறேன். ஆனால் மோட்டார் சைக்கிளில் ஏறுகிற நாளில் ஒரு சொட்டு நாக்கில் பட்டது கிடையாது. அப்படிப்பட்ட ஒரு நாளை வைத்துத்தான் எனக்கு அந்தப் பெயரைக் கட்டினார்கள். இதை எழுதும்போதுகூட விரல் இறுகுகிறது.

முதல் ஜெர்மன் சண்டைக்கு ஆள் எடுத்தபோது நான் போனேன். கடல் தாண்டிப் பஸ்ராவில் ராணுவப் பட்டறையில் போட்டார்கள். முதலில் மோட்டார் சைக்கிள்களைக் கழுவினேன், அப்புறம் கழற்றிப் பூட்டினேன், கடைசியில் ஓட்டவும் விட்டார்கள். ஊர் திரும்பியபோது எங்கள் ஊர்த் தோல் பதனிடும் ஷெட் முதலாளி ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி வைத்துக்கொண்டு, ஓட்ட ஆளில்லாமல் விழித்துக்கொண்டிருந்தார். என் அப்பா அந்த ஷெட்டில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டியவர். நான் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு குடியாத்தத்துக்கும் மேல்விஷாரத்துக்கும் வேலூருக்கும் கடிதமும் மாதிரித் தோலும் கொண்டுபோனேன். சத்தம் கேட்டதும் "பட்பட்டி வருது" என்று வண்டிக்காரர்கள் மாட்டை ஓரம் கட்டுவார்கள். மூன்று வருஷம் ஓட்டினேன். யாருக்கும் ஒதுங்கி நிற்காமல் நான் இருந்தது அந்த மூன்று வருஷந்தான்.

மூன்றாம் வருஷம் முன் டயர் தேய்ந்து, உள்ளே இருக்கும் துணி தெரிய ஆரம்பித்தது. மானேஜரிடம் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி சொன்னேன். அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "உள்ள ஒரு தோல் துண்டு வச்சி ஓட்டுப்பா. நம்ம ஊர்ல தோலுக்கா பஞ்சம்?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, டயருக்கு உள்ளே தோல் துண்டு வைத்து ஓட்டினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

பள்ளிகொண்டா தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டயர் வெடித்தது. வண்டி புளியமரத்தில் போய் மோதியது. இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. நான்கு மாதம் படுக்கை. எழுந்து கோல் ஊன்றி வெளியே வந்தபோது ஊரெல்லாம் ஒரே பேச்சு: குடித்துவிட்டு ஓட்டி மரத்தில் மோதினான். மானேஜர்தான் முதலாளியிடம் அப்படிச் சொல்லியிருந்தார். முதலாளி நல்ல மனசோடு என்னை மன்னித்து, தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றி வருகிற பட்டை வண்டிகளை வாசலில் எண்ணி உள்ளே விடும் வேலையைக் கொடுத்தாராம். குடும்பத்தோடு இருந்துகொள்ள ஷெட்டுக்குப் பின்னால் ஒரு வீடும் கொடுத்தார். எங்கள் வேதக்கோயிலில் குடியைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் நாலு தலை என் பக்கம் திரும்பும். நான் எத்தனை பேரிடம் டயரைப் பற்றிச் சொன்னேன்! "ஆமாம்பா, ஆமாம்பா" என்று தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்கு வசை எவ்வளவோ தேவலை.

பன்னிரண்டு வருஷம் வாசலில் உட்கார்ந்தேன். ஷெட்டுக்குப் புதிய மோட்டார் சைக்கிள் வந்தது. அதை முதலாளியின் உறவுக்காரர் ஒருவர் ஓட்டினார். போகும்போதும் வரும்போதும் வாசல் கம்பியைத் தூக்கிவிடுவது நான்.

ஒரு நாள் காலையில் அவருக்குக் கடுமையான காய்ச்சல். மதராஸ் வியாபாரி ஒருவர் வேலூர் பங்களாவில் மத்தியானம் வரை இருப்பதாகத் தந்தி வந்திருந்தது. ரயிலும் போய்விட்டது. மானேஜர் மாதிரித் தோல்களைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"நீதான் ஓட்டுவியே. மத்தியானத்துக்குள்ள வேலூர் போய்ச் சேரு."

நான் எழுந்தேன். அப்போது அவர் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "வழியில கள்ளுக்கடை பக்கம் திரும்பாத, இன்னா?" என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் முடியாது என்றால், பயந்துவிட்டான் என்று இன்னொரு பெயரும் சேரும். சாக்கைப் பிடுங்கிக்கொண்டு வண்டியிடம் போனேன்.

பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி ஏறவேண்டும். காற்றுக்கு ஒரு நெம்புகோல், பெட்ரோலுக்கு ஒன்று. இதில் உதைத்தால் போதும், கைப்பிடியை முறுக்கினால் ஓடும். என் கட்டைவிரல் இல்லாத நெம்புகோலைத் தேடியது. ஆத்திரத்தில் அளவுக்கு மேல் முறுக்கிவிட்டேன். வண்டி துள்ளி வாசலைத் தாண்டி, தோல் காயப்போட்டிருந்த கொடியின் கம்பத்தில் முட்டிச் சாய்ந்தது. நான் ஈரத் தோல்களுக்கு நடுவே கிடந்தேன். பின்னால் சிரிப்புச் சத்தம். "காலங்காத்தாலயே ஏத்திட்டாம்பா!" என்று ஒருவன் கத்தினான்.

மடங்காத இடது காலை இழுத்துக்கொண்டு எழுந்தேன். யாரும் கை கொடுக்க வரவில்லை; வந்திருந்தால் அடித்திருப்பேன். வண்டியை நிமிர்த்தி முதலில் முன் டயரைத் தடவிப் பார்த்தேன். நல்ல டயர். மறுபடி உதைத்தேன்.

மாதனூர் வரும் வரைக்கும் நான் ஓட்டவில்லை, வண்டி என்னை இழுத்துப் போனது என்றுதான் சொல்லவேண்டும். எதிரே மாட்டுவண்டி வந்தால் நானே ஓரம் கட்டினேன். குழி வந்தால் வலது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டேன். மாதனூருக்கு அப்பால் சாலை நேராகிப் பாலாற்று மணல் வெளி கண்ணில் பட்டதும், தோள் கொஞ்சம் தளர்ந்தது. கை தன் வேலையைத் தானே செய்ய ஆரம்பித்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இதைத்தானே பன்னிரண்டு வருஷம் என்னிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தார்கள் என்ற ஆத்திரந்தான் வந்தது. காற்றில் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன். மானேஜரை, முதலாளியை, கோயிலில் திரும்பிய தலைகளை.

பள்ளிகொண்டா தாண்டி அந்தப் புளியமரத்தைப் பார்த்ததும் கை தானாக வண்டியை நிறுத்திவிட்டது. எதிரே ஒரு பாய் டீக்கடை போட்டிருந்தார். மேல்விஷாரத்துக்காரர், முன்பு பட்டை வண்டி ஓட்டியவர் என்று அப்புறம் தெரிந்தது. என் காலையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தோஸ்த், அன்னிக்கு டயர் வெடிச்சி விழுந்த ஆளு நீதான?"

வண்டியை விட்டு இறங்கி அவர் எதிரே போய் நின்றேன். "இன்னா சொன்ன பாய்?"

"என் வண்டி பின்னாலதான வந்தது. துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தம். மாடு மெரண்டு போச்சு. உன்ன தூக்கி என் வண்டியில போட்டு ஆம்பூர் கொண்டாந்ததே நான்தான். உனுக்கு நெனப்பு இல்ல."

"டயர் வெடிச்சத யார் கிட்டயாவது சொன்னியா?"

"உங்க மானேஜர் கிட்டயே சொன்னேன். கிழிஞ்ச டயரும் காட்னேன். உள்ளாற தோலு இருந்தது. சரி பாய், நீ போன்னுட்டாரு. அப்புறம் உங்க ஷெட்டுக்கு என் வண்டிய கூப்டவே இல்ல."

அவர் நீட்டிய டீயைக் கையில் வாங்கினேன். குடித்தேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. வேலூர் போனது, வியாபாரியிடம் தோலைக் கொடுத்தது, சீட்டு வாங்கியது எல்லாம் யாரோ செய்ததுபோல இருக்கிறது.

திரும்பி வந்து வண்டியை முற்றத்தின் நடுவில் நிறுத்தினேன். எல்லோர் காதிலும் விழும்படி மானேஜரைக் கேட்டேன்.

"டயர் வெடிச்சதுன்னு பட்டை வண்டிக்கார பாய் உன் கிட்ட சொன்னாரா இல்லியா?"

அதுவரை அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவர் முகம் வெளுத்தது. ஆனால் குரல் மாறவில்லை.

"பழைய கதை இன்னாத்துக்கு இப்போ? டயர் வாங்கலன்னு முதலாளிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிருக்கும். உனுக்கு வீடு குடுத்தோம், வேலை குடுத்தோம். இதெல்லாம் உன் பொண்டாட்டிக்குத் தெரியும். போய்க் கேளு."

அவரை அடிக்கத்தான் கையை ஓங்கினேன். கடைசி வார்த்தையில் கை அப்படியே நின்றுவிட்டது.

வீட்டில் என் மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டேன். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும். நீ கால் ஒடஞ்சி கெடக்க சொல்லோ மானேஜர் வந்தாரு. டயர் பேச்ச எடுக்காம இருந்தா வேலை, வீடு, இல்லன்னா ஒண்ணுமில்லன்னாரு. சரின்னேன்."

"நான் குடிக்கலன்னு உனுக்குத் தெரியுமா?"

"உன்ன வண்டியிலிருந்து எறக்கனது நானு. வாய மோந்து பாத்தேன். ஒரு நாத்தமும் இல்ல."

"அப்போ என் மானம்?"

அப்போதுதான் முறத்தை வைத்தாள். "உன் மானத்த வேகவச்சி ரெண்டு புள்ளைங்களுக்குப் போட முடியுமா? நீ நாலு மாசம் படுத்துக் கெடந்த. நான் ஈரத் தோல் தூக்கனேன்யா, வயித்துல மூணாவது இருக்க சொல்லோ. அது தங்கல. அதுக்கு யார் கிட்ட போய் நியாயம் கேக்கட்டும்?"

அந்தக் குழந்தையைப் பற்றி எனக்கு அன்றுவரை தெரியாது. கத்த வேண்டும்போல இருந்தது, கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. அவளும் கத்தினாள். பதினைந்து நாள் பேசிக்கொள்ளவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுத் தள்ளிவிடுவாள், நான் தின்றுவிட்டு எழுந்து போவேன். அவள் செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்று சொல்ல இன்றைக்கும் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் மரத்தடியில் நின்று எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னேன். வாயடைத்துப் போவார்கள் என்று நினைத்தேன். "எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார் ஒருவர். இன்னொருவர், "பாய் எங்க தெருவுலகூட சொன்னாரே" என்றார். பாதிப் பேருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அவர்களை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

காய்ச்சலில் படுத்த உறவுக்காரர் பிழைத்துக்கொண்டார், ஆனால் உடம்பு தேறாமல், இனி வண்டி ஓட்டமாட்டேன் என்றுவிட்டார். முதலாளியே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். டயர் விஷயத்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "வண்டிய நீயே பாத்துக்க" என்றார், அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. நானும் எதிர்பார்த்து நிற்கவில்லை. வேலையை எடுத்துக்கொண்டேன். எனக்கு அந்த வண்டி வேண்டியிருந்தது.

ஆறு மாதம் கழித்துப் பின் டயர் தேய்ந்தது. மானேஜரிடம் சொன்னேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். நான் வண்டியை அவர் அறை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு, ஆவாரம்பட்டைக் குவியலின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். முதல் நாள் திட்டினார். இரண்டாம் நாள் கெஞ்சினார். கடிதங்கள் மேஜையில் சேர்ந்துகொண்டே போயின. மூன்றாம் நாள் ரயிலில் மதராஸிலிருந்து புது டயர் வந்தது. அவர் பார்த்துக்கொண்டு நிற்க, நானே மாட்டிக் காற்றடித்து, கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு குடியாத்தம் கிளம்பினேன்.