‘நான் கெட்டிக்காரி’: சரியா, பிழையா?

“உம்மட ஊர்ப் பிள்ளையளுக்குத் தங்களைப் பற்றி ஒரு எண்ணம் இருக்குமெண்டு நினைக்கிறீரோ?”

கொழும்பிலிருந்து வந்த விரிவுரையாளர் அம்மா ஜீப்பை விட்டு இறங்கியதும் என்னிடம் இப்படிக் கேட்டார். கேட்குமுன், எங்கள் குடியேற்றத் திட்டத்துப் பாடசாலையின் கிடுகுக் கூரையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கூரையின் கீழ் படித்துத்தான் நான் பல்கலைக்கழகம் போனேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னர் பேனை பிடித்தவர் எவருமில்லை. வயல்காணிப் பத்திரத்திலும் என் ஐயா பெருவிரலைத்தான் பதித்தார்.

“இருக்கும் மிஸ். எனக்கு நிறைய இருக்கு,” என்றேன்.

பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகள் தங்களை எப்படி மதிக்கிறார்கள் என்று அளப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கொழும்பில் ஆங்கிலத்தில் அளந்தாயிற்று, கண்டியில் சிங்களத்தில் அளந்தாயிற்று. தமிழ்ப் படிவத்தை விடுமுறையில் நின்ற நான் மொழிபெயர்த்திருந்தேன். ‘நான் கெட்டிக்காரி’, ‘நான் வடிவானவள்’, ‘என்னால் வீட்டாருக்குப் பெருமை’ என்று இருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, ‘முழுக்கச் சரி’ முதல் ‘முழுக்கப் பிழை’ வரை ஐந்து பெட்டிகள். இங்கே ஒழுங்காக நடந்தால் புளியங்குளத்திலும் முல்லைத்தீவிலும் நானே உதவியாளர். பிசகினால் அந்த வேலை யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவருக்குப் போகும். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வருமாம். அதை மிஸ் இரண்டு முறை சொன்னார்.

பிள்ளைகள் அரை மணித்தியாலத்தில் நிரப்பித் தந்தார்கள். தலைமையாசிரியரின் மேசையில் வைத்துப் புரட்டப் புரட்ட மிஸ்ஸின் முகம் வாடியது. கெட்டிக்காரி, முழுக்கப் பிழை. வடிவானவள், முழுக்கப் பிழை. வீட்டாருக்குப் பெருமை, முழுக்கப் பிழை. வகுப்பு முழுவதும் அப்படித்தான்.

“பாவங்கள். எல்லாம் மனமுடைஞ்ச பிள்ளையள்,” என்றார்.

மனமுடைந்த பிள்ளைகள் வெளியே கிளித்தட்டு மறித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கூச்சல் தாங்காமல் தலைமையாசிரியர் யன்னலைச் சாத்தினார். அவர்களில் ஒருத்தி ஜீப்பின் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்து, பக்கவாட்டில் திரும்பி, திருப்தியோடு சிரித்தாள்.

நான் வெளியே போய், தவணைக்குத் தவணை முதலாவதாக வருகிறவளைப் பிடித்தேன்.

“நீ கெட்டிக்காரி இல்லையோடி?”

“கெட்டிக்காரிதான் அக்கா.”

“பிறகேன் பிழையெண்டு போட்டனீ?”

“என்ரை வாயாலை நானே சொல்லுறதோ? பாக்கிறவை இவளுக்கு என்ன எடுப்பெண்டெல்லோ நினைப்பினம்.”

மிஸ்ஸிடம் கெஞ்சி இன்னொரு தரம் படிவம் கொடுக்க அனுமதி வாங்கினேன். வகுப்பின் முன்னால் நின்று, “வெக்கப்படாமல் உண்மையை எழுதவேணும்,” என்று உரத்த குரலில் சொல்லிவிட்டு, மிஸ்ஸுக்குத் தேநீர் கொண்டுபோனேன். வகுப்பில் நில்லாமல் போனதுதான் என் பிழை.

இந்த முறை ஒருத்தியைத் தவிர எல்லோரும் வடிவு. எல்லோரும் கெட்டிக்காரிகள். கணக்கில் பூச்சியம் வாங்குகிறவளும் கெட்டிக்காரி.

“ஒரு மணித்தியாலத்தில தன்மதிப்பு இவ்வளவுக்கு ஏறுமோ?” என்று மிஸ் என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்ததாக நினைக்கிறார் என்று விளங்கியது. முல்லைத்தீவு என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரம் வாசலில் சண்டை. கண்ணாடி பார்த்தவள் மற்றவளின் பின்னலைப் பிடித்திருந்தாள்.

“நான் உன்னை வடிவெண்டு போட்டனான். நீ என்னை வடிவில்லையெண்டு போட்டிருக்கிறாய், என்னடி?”

“உண்மையை எழுதச் சொல்லி அக்காதானே சொன்னவா.”

விசயம் அவிழ்ந்தது. தன்னைப் பற்றித் தானே நல்லது எழுதுவது அடக்கமில்லை. உண்மையையும் எழுதத்தான் வேண்டும். ஆகவே படிவங்களைப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தவளோடு மாற்றி, ஒருத்தியைப் பற்றி மற்றவள் நிரப்பியிருக்கிறார்கள். அதில் களவு ஒன்றும் அவர்களுக்குத் தெரியவில்லை.

மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். வயிறு குலுங்கச் சிரித்தார்.

நான் விடவில்லை. “மிஸ், ‘உன்ரை சிநேகிதி உன்னைப் பற்றி என்ன சொல்லுவாள்’ எண்டு கேட்டால் இவையள் உள்ளதை எழுதுவினம்.”

“கேக்கலாம். ஆனால் கொழும்பில நான் அப்பிடிக் கேக்கேல்லையே. பிறகு எதோடை எதை ஒப்பிடுறது?”

“அப்ப கொழும்புப் பிள்ளையளிட்டையும் போய் இதையே கேளுங்கோ.”

தலைமையாசிரியர் இருமினார். மிஸ் படிவக் கட்டின் அடியிலிருந்து ஒரு படிவத்தை உருவினார். இருபதுக்கும் ‘முழுக்கச் சரி’.

“இது ஆர் நிரப்பினது?”

“நான்தான் மிஸ். மொழிபெயர்ப்புச் சரியோ எண்டு பாக்க.”

“ஒண்டுகூடக் குறைச்சுப் போடேல்லையே நீர்?”

“குறைக்க ஒண்டும் இருக்கேல்லை மிஸ்.”

அவர் அந்தத் தாளை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தார். “யோசிச்சுச் சொல்லுறன்,” என்றார். ஜீப் போய்விட்டது.

அன்று பின்னேரமே இருபது வாக்கியங்களையும் ‘என் சிநேகிதி சொல்லுவாள்’ என்று தொடங்கும்படி மாற்றி எழுதினேன். கார்பன் தாள் வைத்து ஐந்தைந்தாக அழுத்தி எழுதியதில் நடுவிரல் வீங்கியது. மிஞ்சிய பழைய வெற்றுப் படிவங்களையும் பக்கத்தில் அடுக்கிக்கொண்டேன். இரண்டையும் கேட்டால் ஒப்பிட ஏலாது என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு புளியங்குளம் தலைமையாசிரியருக்கு, வருகிற செவ்வாய்க்கிழமை வருகிறேன், பெண்பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி இருத்தி வையுங்கள் என்று கடிதம் எழுதி, கீழே ‘ஆராய்ச்சி உதவியாளர்’ என்று கையொப்பமிட்டேன். அந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதியை மிஸ்ஸின் விலாசத்துக்கு எழுதினேன்.

இரண்டும் காலைத் தபாலில் போய்விட்டன.