மணலில் சுற்றிய பேண்டு

ரத்னாபாய் டீச்சர் வெறுமனே கடைக்குப் போனாலும், பின்னால் ஒரு படை வருவதுபோல நடப்பார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். அப்பா கிறிஸ்தவ சபை பேண்டில் கார்னெட் என்ற பித்தளைக் குழல் ஊதியவர். அவர் வெளியே போகும் நேரம் பார்த்து அந்தக் கார்னெட்டை எடுத்து ஊதிப் பழகிய பெண், வளர்ந்து, திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கு டிரில் டீச்சராக வந்தார். வந்த நாள் முதல் தலைமையாசிரியையிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நம் பிள்ளைகளுக்கு ஒரு பேண்டு வேண்டும். நச்சரிப்புத் தாங்காமல்தான் அந்த அம்மாள் சம்மதித்தார். பட்டாளத்தார் கழித்துப்போட்ட பியூகிள்கள், ஒட்டுப்போட்ட டிரம்கள், ஜோடி சேராத ஜால்ராக்கள் வந்து சேர்ந்தன.

பிள்ளைகளுக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. டீச்சர் காலை வைத்தே பாடம் சொன்னார். இடது கால் மண்ணைத் தொட்டால் பெரிய டிரம், வலது காலுக்குச் சின்ன டிரம், எட்டாவது காலடியில் பியூகிள். நடந்து நடந்தே கற்றுக்கொண்டார்கள். நன்றாகவும் வாசித்தார்கள்.

ஆனால் போட்டிக்குப் போன இடமெல்லாம் தோற்றார்கள். பெண்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுவதைப் பார்த்ததுமே நடுவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு அவர்கள் காது எதையும் வாங்காது. ஆண்கள் பள்ளி பேண்டு மாஸ்டர் அழகியநம்பி நேராகவே கேட்டார்: "டீச்சரே, இப்படிக் கன்னம் வீங்கிப்போனா, மாப்பிள்ளை வீட்டுக்காரன் வேற பொண்ணுண்ணுல்லா நினைச்சிட்டுப் போவான்?"

"நீரு முப்பது வருசமா ஊதுறீரே சாரே, ஒமக்குப் பொண்ணு கிடைக்காமலா போச்சு?" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு வந்தாலும் இரவெல்லாம் மனம் எரிந்தது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷம் ஒரு வழி திறந்தது. பள்ளி பேண்டு ஒன்றை ரேடியோவில் போடப்போகிறார்கள், பெயர் எழுதாத இசைத்தட்டாக அனுப்பினால் கமிட்டி கேட்டுத் தேர்ந்தெடுக்கும் என்று அறிவிப்பு வந்தது. பெயர் இல்லை, முகமும் இல்லை. இந்த ஒரு தடவையாவது தன் பிள்ளைகளை முதலில் கேட்பார்கள். டீச்சருக்கு அது போதும்.

கிழக்கேகோட்டையில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்த பட்டாபியிடம், ஊசியால் இசைத்தட்டு வெட்டிப் பதியும் எந்திரம் ஒன்று இருந்தது. கரமனை அக்ரகாரத்துக்காரர். கல்யாணக் கச்சேரிகளைப் பதிந்து கொடுப்பவர். மைக் ஒன்று, அதற்கு இரண்டு கையை விரித்த நீளத்துக்கு வயர், கரண்டுக்கு மோட்டார் கார் பாட்டரி. யுத்தத்தால் வெற்றுத் தட்டு வருவது நின்றுபோய், மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

"ரெண்டு பக்கம் இருக்கு, டீச்சர். ஒரு பக்கம் போனா இன்னொண்ணு. அதுவும் போனா என்னைத் திட்டப்படாது."

சனிக்கிழமைத் தபாலில் தட்டைச் சேர்த்தாக வேண்டும். அன்று காலை பள்ளி மைதானத்தில் மைக்கை நட்டார்கள். பேண்டு வழக்கம்போல வாசலிலிருந்து அணிவகுத்து மைக்கைக் கடந்துபோனது. பட்டாபி போட்டுக் காட்டினார். முதலில் கொசு மாதிரி ஒரு முனகல். பிறகு ஒரே இரைச்சல். பெரிய டிரம் அருகே வந்ததும் ஊசி துள்ளிப்போய்த் தட்டில் கோடு இழுத்துவிட்டது. அத்தனைக்கும் மேலே, "லெஃப்ட்! லெஃப்ட்!" என்று ஒரு பெண்குரல்.

"பேண்டை விட உங்க குரல்தான் நன்னா விழுந்திருக்கு" என்றார் பட்டாபி.

டீச்சருக்கு முகம் சிவந்தது. அந்தக் குரல் ஒன்று போதுமே, கமிட்டிக்காரர்கள் சிரிப்பதற்கு!

மிச்சம் இருந்தது ஒரு பக்கம்தான். தட்டை ஓட்டாமல், நின்றபடி வாசித்துப் பார்த்தார்கள். டிரம் முன்னே ஓடியது, பியூகிள்கள் தடுமாறின. பெரிய டிரம் அடிக்கும் பொன்னம்மை, பள்ளியிலேயே உயரமானவள், கோலைக் கீழே போட்டாள்.

"டீச்சரே, காலு அனங்காம கையும் அனங்க மாட்டேங்குது."

நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைக்கச் சொன்னபோது பூட்ஸ் சத்தத்தில் மைக்கே ஆடியது. பட்டாபி பொறுமையிழந்தார். "நடக்கவும் வேணும், மைக்கை விட்டுப் போகவும் படாது. அப்போ சீவேலிக்குச் சாமி சுத்தறாப்போல இதைச் சுத்திச் சுத்தித்தான் வரணும்!"

அவர் எரிச்சலில் சொன்னார். கோயில் பிராகாரத்தைச் சாமி சுற்றி வருவதைச் சபைக்காரரான டீச்சர் பார்த்ததில்லை. ஆனால் சுற்றி வரும் எதுவும் நடுவிலிருந்து விலகிப்போகாது என்பது சட்டென்று புரிந்தது.

"அதுதான் செய்யப்போறோம். பிள்ளேளா, பூட்ஸைக் கழத்துங்க."

புதுக்கட்டடத்துக்காக மைதானத்து ஓரத்தில் ஆற்றுமணல் குவித்திருந்தது. டீச்சர் முதல் கூடையைத் தானே தலையில் வைத்துக்கொண்டார். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. இடி முழங்கினால் அதுவும் தட்டில் ஏறிவிடும். மைக்கில் கயிறு கட்டி மூன்று வட்டம் போட்டு, அதன்மேல் மணலைப் பரப்பினார்கள். உள்வட்டத்தில் பியூகிள், நடுவில் சின்ன டிரம், வெளிவட்டத்தில் பெரிய டிரம். பெரிய டிரம்மின் அடி படாத பக்கத்தில், சத்தம் அடங்க மேசை விரிப்பை மடித்துக் கட்டினார்கள்.

"உன் வட்டம் பெரிசு, நீ நீளமா காலெடுத்து வைக்கணும் மக்களே. வேகம் கூடப்பிடாது" என்றார் டீச்சர் பொன்னம்மையிடம்.

"ஆனை மாதிரியா, டீச்சரே?"

"ஆனை மாதிரியே. ஆனா பிளிறாம."

ஒத்திகை பார்க்க நேரமில்லை. பாட்டரியும் இறங்கிக்கொண்டிருந்தது. வட்டத்துக்கு நடுவில் மைக்கோடு உட்கார்ந்திருந்த பட்டாபி ஊசியை வைத்துக் கையசைத்தார். டீச்சர் விசில் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு கையை உயர்த்தினார்.

வெறுங்கால்கள் மணலில் சத்தமில்லாமல் விழுந்தன. டிரம் தாளம் பிடித்தது. எட்டாவது காலடியில் பியூகிள்கள் ஒன்றாக எழுந்தன. டீச்சர் தொண்டைவரை வந்த "லெஃப்ட்"டை விழுங்கியபடி அவர்களோடு சுற்றினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. யாரும் பிசகவில்லை. கடைசி அடி விழுந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தலை சுற்றிய பொன்னம்மை டிரம்மோடு மணலில் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் கலகலவென்று சிரித்துவிட்டாள். பட்டாபி பாய்ந்து ஊசியைத் தூக்கினார்.

போட்டுக் கேட்டார்கள். முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை பேண்டு பக்கத்திலேயே நின்று வாசித்ததுபோல இருந்தது. அது முடிந்ததும் அந்தச் சிரிப்பு, மணி உருண்டதுபோல.

பொன்னம்மை அழுதாள். பட்டாபி சொன்னார்: "சாரமில்லை, அழாதே. அந்தக் கடைசி ஓரத்தை மட்டும் சுரண்டிடறேன்."

டீச்சர் தட்டைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார்.

"வேண்டாம் சாரே. வாசிச்சு முடிச்ச பெறவுதான சிரிச்சிருக்கா? முழுக்கக் கேட்டுட்டு, பொம்பளப் பிள்ளேளுண்ணு பெறவு தெரிஞ்சுக்கிடட்டும்."

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம், பூங்காவில் ஊரார் கேட்பதற்காக வைத்திருந்த ரேடியோ முன்னால் கூட்டம். தேர்ந்தெடுத்த பள்ளியின் பெயரைச் சொல்லாமலே பேண்டு ஒலித்தது. கூட்டத்தின் முன்வரிசையில் அழகியநம்பி கைத்தடியால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"கட்டுக்கோப்புண்ணா இது. எந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்களோ" என்றார்.

கடைசி அடி விழுந்தது. பிறகு சிரிப்பு. கைத்தடி நின்றது.

"யாரு சிரிச்சது?"

பின்னாலிருந்து ரத்னாபாய் டீச்சர் சொன்னார்: "எங்க பெரிய டிரம்முக்காரி, சாரே."