இரண்டாவது ரிசீவரை ஏன் வைத்திருக்கிறேன்

மாலை புதுக்கோட்டை பஸ்ஸில் இருந்தபோது டல்லாஸிலிருந்து மகன் அழைத்தான்.

அமெரிக்கக் கால்பந்து வீரர்களைப் பொறுக்கியெடுத்து ஆளுக்கொரு டீம் வைத்து, நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதற்குப் புள்ளி எண்ணும் ஃபேன்டஸி லீக்கை நண்பர்களோடு ஆடுகிறான். ஆள் குறைந்ததால் என்னையும் சேர்த்துக்கொண்டான். அதன் பிறகுதான் வாராவாரம் பேசுகிறான்.

"அப்பா, அந்த ரெண்டாவது ரிசீவரத் தூக்கிருங்க. அவனுக்குப் பந்தே வராது." எறிகிற பந்தைப் பிடித்து ஓடுகிறவன்தான் ரிசீவர்; அணியின் முதல் ரிசீவருக்குத்தான் பந்து அதிகம் போகும்.

"முதல் ஆள ரெண்டு பேரு மறிக்கானுவ. அப்போ இவனுக்குத்தானல வரணும்?"

"முதல் ஆளு அடிபட்டாத்தான் இவனுக்கு மதிப்பு. உங்க இஷ்டம்." வைத்துவிட்டான்.

அந்த மதிப்பு எனக்குத் தெரியும். ஷிப்பிங் ஆபீஸில் இருபது வருடம், மேலே இருந்தவர் லீவு போட்டால்தான் என் பெயர் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. நான் எதையும் மறக்கவில்லை.

பக்கத்து சீட்டு அண்ணாச்சி கேட்டார்: "மவனா? என்ன சொல்லுதான்?"

"ஒரு ஆள டீம விட்டு எடுக்கச் சொல்லுதான்."

"புள்ள சொன்னா எடுத்துர வேண்டியதுதான?"

"எடுத்துட்டா அடுத்த வாரம் எதுக்கு அண்ணாச்சி கூப்பிடப் போறான்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புத்தாண்டோடு இந்த லீக் முடிகிறது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் என்ன விளையாடுவார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இப்போதே படிக்க ஆரம்பிக்கிறேன்.