மலையிலிருந்து வந்த மூச்சு

சில வருடங்களுக்கு முன்பு நாமக்கல்லில் ஒரு மருத்துவமனையின் நுரையீரல் பிரிவில் நர்ஸாக இருந்தேன். கொல்லிமலையில் மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களைச் செல்போன் வழியாகவே கவனிக்கும் ஆய்வு ஒன்று அப்போது நடந்தது. வீட்டிலிருந்தபடியே ஒரு சின்னக் கருவியில் பலமாக ஊதினால், எவ்வளவு காற்று வந்தது என்ற எண் போன் மூலம் எங்களுக்கு வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு நான் கூப்பிட்டுப் பேசுவேன். மலையிறங்கி வரும் அலைச்சல் அவர்களுக்கு மிச்சம்.

அவர்களில் ஒருவர் மலையில் அரியூர் நாடு என்ற பகுதியைச் சேர்ந்த விவசாயி. ஐம்பதைத் தாண்டியவர். பீடி கெடுத்த நுரையீரல். மரங்களில் படரவிட்ட கொடிகளில் மிளகுப் பறிப்பு நெருங்கிய சமயம் வீடியோ காலில் டாக்டர் அவரிடம், எண் இறங்கினால் மரம் ஏறவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அவர் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு எண் ஏறத் தொடங்கியது. தினமும் நன்றாகவே வந்தது. டாக்டர் மருந்தின் அளவைக்கூடக் குறைத்தார். "ரொம்ப நல்லா இருக்குதுங்க, இப்படியே ஊதுங்க" என்று நான் போனில் பாராட்டுவேன். "சரிங்க அம்மணி" என்பார்.

ஒரு நாள் காலையில் எண் வரவில்லை. கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்தார்.

"மரத்துல இருந்து எறங்குனவரு அப்படியே உக்காந்துட்டாருங்க. பேச்சு வரல. ஒதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு."

"நேத்து வரைக்கும் நல்லா ஊதினாரே?" என்றேன்.

"அவரு ஊதலீங்க. நாந்தான் ஊதுனேன்."

உடனே ஆம்புலன்ஸ் அனுப்பினோம். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வந்து சேரும்வரை என்னால் உட்கார முடியவில்லை. உயிர் பிழைத்தார். நுரையீரல் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

வார்டில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேற ஆளு ஏறுனா கொடியப் பிச்சுப்புடுவாங்கன்னு ஒத்துக்கவே மாட்டேன்னுட்டாருங்க. இந்தப் பறிப்பு முடியட்டும், அதுவரைக்கும் நீ ஊதுன்னாரு. நீங்க நல்லா இருக்குதுன்னு சொல்லச் சொல்ல எனக்குச் சோறு எறங்கலீங்க." கட்டிலில் ஆக்ஸிஜன் மாஸ்க்குடன் இருந்த அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இப்போது அவர் வாசல் வரைதான் நடக்கிறார். அவர் மரங்களில் வேறு ஆட்கள் ஏறுகிறார்கள்.

அந்த நாட்களில் போனில் அவர் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே நின்று நின்றுதான் பேசினார். மலையில் சிக்னல் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, திரையில் இருந்த எண்ணையே நம்பினேன். இன்று எந்த நோயாளியைக் கூப்பிட்டாலும், நான் பேசுவதை நிறுத்திவிட்டு அவர் மூச்சு விடும் சத்தத்தைக் கொஞ்சம் கேட்கிறேன். அந்தக் கொஞ்ச நேரம் அந்த விவசாயிக்குக் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் ஒவ்வொரு முறையும் வந்துவிடுகிறது.