அத்தான் கண்ட பிக்ஃபுட்

எனக்கு முதல்ல சிரிப்புத்தான் வந்தது. அக்காவின்ர புருசன் வேலையால வந்து, சப்பாத்துக்கூடக் கழட்டாமல் குசினி வாசலில நிண்டு, "நான் பிக்ஃபுட்டைக் கண்டனான்" எண்டார். கனடாக் காடுகளில திரியுதெண்டு சொல்லுற குரங்கு மனுசனை. பேக்கரிப் பாண் லொறியை ஓட்டிக்கொண்டு வடக்கால போகேக்கை, விடியக்காலமை ஒண்டுக்கு இருக்க இறங்கினாராம். மரங்களுக்கை எட்டடி உயரத்தில, உடம்பு முழுக்க மயிரோட ஒண்டு ரெண்டு காலில நிண்டு இவரைப் பாத்ததாம்.

"கரடியாயிருக்கும் அத்தான்."

"கரடி நடந்துபோகேக்கை மனுசர் மாதிரித் திரும்பிப் பாக்குமோடா?"

அது தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. வெக்ஸ்போர்ட்டில ரெண்டு அறை அப்பார்ட்மெண்ட். அக்கா, அத்தான், ரெண்டு பிள்ளையள், ஹோலில நான். முதல் கிழமை எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சம். பிறகு அத்தான் லைப்ரரியில இருந்து புத்தகங்களாய்க் காவிக்கொண்டு வந்தார். அது மரத்தில தடியால தட்டிக் கதைக்குமாம், இளமரங்களை முறிச்சு அடையாளம் வைக்குமாம், பிடிக்காத ஆளுக்குக் கல்லெறியுமாம். வேலைக்குப் போறது குறைஞ்சுது. சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை கையைத் தூக்கி, "உஷ், தட்டுது" எண்டுவார். ஐயோ, அது ஹீட்டர் குழாய்ச் சத்தம்! பிள்ளையள் பயந்து அழுங்கள்.

அக்கா என்னைப் பல்கனிக்குக் கூப்பிட்டாள். "பங்குனி முடியமுன்னம் இந்தாள் உந்த விசர்க்கதையை விடவேணும். இல்லாட்டி நான் பிள்ளையளோட யூனியன்வில்லில மாமி வீட்டை போயிடுவன். நீ ஒருக்காக் கூட்டிக்கொண்டு போய் அங்கை ஒண்டுமில்லையெண்டு காட்டு."

ஞாயிற்றுக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையாரைக் கும்பிட்டுப்போட்டு, இன்னும் வடக்கால போய் றோட்டுக் கரையில காரை விட்டம். கணுக்காலளவு ஸ்னோ. அத்தான் முன்னால, நான் பின்னால. முறிஞ்ச கொப்பெல்லாம் தொட்டுப் பாத்தார். ஒரு தடியெடுத்து மரத்தில மூண்டு தரம் தட்டிப்போட்டுக் காத்துக்கொண்டு நிண்டார். ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. "அது எங்களைப் பாக்குது" எண்டார். பொய் ஏன் சொல்லுவான், எனக்கும் முதுகு கூசினது. வந்த வழியாலயே திரும்பினம்.

அடுத்த ஞாயிறு வேற பக்கத்தால உள்ளை இறங்கினம். கொஞ்சத் தூரம் போக, அத்தான் திடீரெண்டு நிண்டார். ஸ்னோவில ஒரு பாதம். அதுக்கு முன்னால இன்னொண்டு. ஒவ்வொண்டும் என்ர முழங்கையில இருந்து விரல்நுனி வரைக்கும் நீளம். ஒற்றை வரிசையாய் மரங்களுக்கிடையால போய்க்கொண்டிருந்தது. மனுசன் முழங்காலில விழுந்து அழுதார்.

"நான் விசரன் இல்லையடா. உன்ர அக்காட்டைச் சொல்லு."

நான் ஒரு தடத்துக்குள்ள காலை வைச்சன். அடுத்ததுக்குள்ள மற்றக் காலை. என்ர நடைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அப்பத்தான் விளங்கினது. நாங்கள் ஊரில சண்டைக்காலத்தில கண்ணிவெடி வெளியளைக் கடந்து வந்த ஆக்கள். முன்னால போறவன் மிதிச்ச இடத்திலதான் பின்னால வாறவன் மிதிக்கவேணும். பழகின கால் கனடாவிலயும் அதைத்தான் செய்யுது. போன ஞாயிறு, போகேக்கையும் வரேக்கையும், ரெண்டுபேரும் அதே குழியளுக்குள்ளதான் மிதிச்சிருக்கிறம். பிறகு வெயில் பட்டு உருகி அகண்டுபோச்சு.

உடன சொல்லியிருக்கவேணும். ஆள் அழுதுகொண்டே சிரிக்கிறதைப் பாக்க எனக்கு வாய் வரேல்லை. கோழை, வேறென்ன. வீட்டை போய் ஆறுதலாய்ச் சொல்லுவம் எண்டு பின்னால போனன்.

தடம் றோட்டுக் கரையில முடிஞ்சது. அத்தான்ர சிரிப்பு நிண்டுது.

"போன கிழமை இதிலதானே கார் விட்டனாங்கள்?"

"ஓம்."

"எங்களுக்குப் பின்னாலயே வந்திருக்கு. எங்கட வீடும் அதுக்குத் தெரியும்."

அப்ப எல்லாத்தையும் சொன்னன். கத்திக் கத்திச் சொன்னன், நடந்தும் காட்டினன். அவர் என்ர சப்பாத்தைப் பாத்தார், பிறகு முகத்தைப் பாத்தார். "உப்பிடிச் சொல்லச்சொல்லி அக்காதானே உன்னை அனுப்பினவள்?" எண்டு அமைதியாய்க் கேட்டார்.

பின்னேரம் வீட்டை வந்து யன்னல் எல்லாம் பூட்டி, சோபாவை இழுத்துக் கதவுக்குக் குறுக்கால போட்டார். அக்கா பிள்ளையளுக்கு ஜாக்கெட் போட்டாள்.

"வெளியில விடமாட்டன். அது கீழ நிக்குது. என்ர பிள்ளையளை விடமாட்டன்" எண்டு அவர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

சோபாவைத் தள்ளினது நான்தான். அவர் திமிறத் திமிற ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சதும் நான்தான். அக்காவும் பிள்ளையளும் லிஃப்ற்றுக்குள்ள போய் முடியும்வரைக்கும் நான் பிடியை விடேல்லை.