செருப்பில் வெட்டிய பெயர்

சுனாமி வந்துபோன கிழமை எங்கள் கடற்கரையில் தேடிய எதுவும் கிடைக்கவில்லை, செருப்பு மட்டும்தான் கிடைத்தது. எல்லாம் ரப்பர்ச் செருப்பு, எல்லாம் ஒற்றைக்கால். தேற்றாத்தீவிலிருந்து களுவாஞ்சிக்குடிப் பக்கமாக மணலில் நடந்தால் ஒரு சாக்கு நிறையும். நான் நிறைத்தேன். மூளை பிசகிவிட்டது என்று, நாங்கள் ஒதுங்கியிருந்த அகதி முகாமில் இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்குத் தொழில் போர்ட் எழுதுவது. கடைக்குப் பெயர், வள்ளத்துக்குப் பெயர், லொறியின் பின்பக்கத்துக்குச் சாமி பெயர். பெயர் எழுதிய வள்ளங்களை அலை கொண்டுபோய்விட்டது, எழுதச் சொன்ன மனிதர்களிலும் பாதிப் பேரை. முப்பத்தோராம் நாள் சடங்கு நெருங்க நெருங்க, சனம் நினைவஞ்சலி நோட்டீசுக்கு அலையத் தொடங்கியது. சடங்குக்கு வருகிறவர்கள் கையில், இறந்தவரின் பெயரை அச்சடித்த ஒரு தாளைக் கொடுக்காவிட்டால் எங்கள் ஆட்களுக்கு மனம் ஆறாது. அச்சகத்திலோ இயந்திரத்துக்குள் உப்புத்தண்ணீர். அச்சகக்காரர் அதைக் கழற்றி வெயிலில் பரப்பிவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் கையை விரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குத்தான் செருப்பு. வாரைப் பிடுங்கிவிட்டு அடிப்பக்கத்தைச் சிமெந்துத் தரையில் தேய்த்தால் மட்டமாகிவிடும். இரண்டு மூன்றைச் சதுரமாக நறுக்கி, சைக்கிள் டியூப் ஒட்டும் சொலூசனால் ஒரு பலகையில் ஒட்டுவேன். தாளில் பெயரை எழுதி, தேங்காய் எண்ணெய் தடவினால் எழுத்து மறுபக்கமும் தெரியும். தாளைத் திருப்பி ரப்பரில் கவிழ்த்து, ஆணிமுனையால் கோட்டை அழுத்தினால் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகப் பதியும். பிறகு பிளேட்டால் சுற்றிவரச் செதுக்கி, எழுத்து மட்டும் உயர்ந்து நிற்கும்படி விடவேண்டும். விளக்குக் கரியை மிச்சப் பெயின்டில் குழைத்துத் துணியால் ஒற்றி, தாளை வைத்துக் கரண்டி முதுகால் தேய்த்தால் பெயர் நேராக ஏறிவிடும். திருப்பாமல் வெட்டினால் அச்சுக் கட்டையில் எழுத்து நேராக இருக்கும், தாளில் தலைகீழ்க் கூத்தாகிவிடும். ஊராருக்கு வெட்டியதில் ஒரு தடவைகூட நான் அந்தப் பிழை விட்டதில்லை.

பெயரும், தோற்றம் என்று போடும் பிறந்த நாளும் ஆளுக்கு ஆள் வேறு. மறைவு எல்லோருக்கும் ஒரே நாள். அதனால் அந்தத் திகதியை ஒரு தனிச் செருப்பில் வெட்டி வைத்துக்கொண்டு, எல்லாப் பெயருக்கும் கீழே அதையே ஒற்றினேன். வேலை சுகமாக முடிந்தது. அப்படி நினைத்த என் வாயில் மண்ணைப் போடவேண்டும்.

என் தம்பிக்கும் அதே நாள்தான். பத்தொன்பது வயது. அன்று காலை வலை இழுக்கப் போனவன். உடல் கிடைக்கவில்லை. அம்மா அவன் செத்ததை ஒப்புக்கொள்ளவே இல்லை. மாமா, அம்மாவின் அண்ணன், வந்து இரண்டு நாள் கத்திவிட்டு, சடங்கை நீயாவது செய், நோட்டீசை அடி என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனார். நானும் கட்டையை எடுத்தேன். ஊர் முழுவதற்கும் ஒற்றிய திகதியை அவன் பெயருக்குக் கீழே வைக்க மனம் வரவில்லை. பெயர், தோற்றம், மறைவு என்று மூன்றையும் அவனுக்கென்றே ஒரே பலகையில் புதிதாக வெட்டினேன். ஒரு பகல் முழுக்க வெட்டினேன். கண்ணைத் துடைப்பதும் வெட்டுவதுமாக இருந்ததில், எண்ணெய்த்தாளைத் திருப்ப மறந்துபோனேன்.

முதல் தாளை உரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தம்பியின் பெயர் ஒருவராலும் வாசிக்க முடியாதபடி புரண்டு கிடந்தது. அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அலைக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

“கண்டியா மனே, தாள்ல ஏறமாட்டன் எண்டு நிக்கான். அவன் உசிரோட இரிக்கான்.”

பலகையைக் கையோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். சடங்கு நடக்கவில்லை. இன்னொன்று வெட்டு என்று மாமா சொல்லிப் பார்த்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்குக் கை எழும்பவில்லை.

அதோடு நான் மாட்டிக்கொண்டேன். மரணப் பதிவுக்கு வந்த படிவத்தில் அம்மா கையெழுத்து வைக்கவில்லை. வாவிப் பக்கம் கல்வீடு கட்டிக் கொடுத்தார்கள், அம்மா வரமாட்டேன் என்றார். அவன் வந்தால் இங்கேதான் தேடுவான் என்ற ஒரே பேச்சு. முகாமில் இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போக, கடைசியில் எங்கள் தகரக் கொட்டில் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. கட்டாருக்கு வேலைக்குப் போக ஒரு வழி வந்தது, அம்மாவை யாரிடம் விடுவது? ஒரு கலியாணம் பேசி வந்தார்கள், கொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் எழும்பிப் போனார்கள். நடுப்பகலில் தகரம் கொதிக்கும். உள்ளே நான் அவிந்துகொண்டு, செத்தும் என்னை விடமாட்டான் இவன் என்று தம்பியைத் திட்டியிருக்கிறேன். வாய்விட்டே திட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பிறகு படைக்கும் இயக்கத்துக்கும் மறுபடி சண்டை தொடங்கியது. வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலையிலிருந்து, ஷெல் விழும் சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் சுற்றிவளைப்பு. வீட்டுக்கு வீடு குடும்ப அட்டை பார்த்து ஆட்களை எண்ணினார்கள். எங்கள் அட்டையில் மூன்று பெயர். நின்றதோ நாங்கள் இரண்டு பேர். தம்பியின் பெயரை அதிலிருந்து வெட்டுவிக்கவேண்டும் என்று நான் கெஞ்சியபோதெல்லாம் அம்மா அட்டையை மடியில் செருகிக்கொண்டு எழும்பிவிடுவார்.

ஒரு காலையில் எங்களை மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். படையினரோடு தமிழ் தெரிந்த ஒருவர் மேசையருகே நின்றார். அட்டையைப் பார்த்துவிட்டு, மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

“வருவான்.”

வீட்டில் இல்லாத இளந்தாரி ஒருவன் வருவான் என்றால், எங்கிருந்து, இயக்கத்திலிருந்தா என்பதுதான் அடுத்த கேள்வி. சுனாமியில் செத்தான் ஐயா என்றேன். மரணப் பத்திரம் காட்டு என்றார். பத்திரம் இல்லை. தாய் வருவான் என்கிறா, நீ செத்தான் என்கிறாய், ரெண்டில எது பொய் என்று கேட்டார். என்னைச் சட்டையில் பிடித்து, லொறிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவர்களோடு குந்தவைத்தார்கள். அப்படிக் கொண்டுபோனவர்களில் திரும்பி வராதவர்களை எனக்குத் தெரியும். முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். தலை நிமிர்ந்தபோது அம்மாவைக் காணவில்லை.

லொறியில் ஏறச் சொல்லும் நேரத்தில் அம்மா திரும்பி வந்தார். கையில் அந்தப் பலகை. அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இவ்வளவு காலமும் வைத்திருந்திருக்கிறார். தினமும் துடைத்திருக்கவேண்டும், ரப்பரில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. மேசையில் அதை வைத்தார். திருப்பாமல் வெட்டிய எழுத்தல்லவா, போர்டில் எழுதியதுபோல நேராக இருந்தது. அந்த ஆள் குனிந்து, பெயரையும் தோற்றத்தையும் மறைவையும் சத்தமாக வாசித்தார். மறைவுத் திகதியை வாசித்ததும் நிறுத்திவிட்டு, அட்டையிலிருந்த பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவை ஏறிட்டுப் பார்த்தார்.

“எண்ட சின்னவன்,” என்றார் அம்மா. “கடல் கொண்டு போயித்து. செத்துப் போயித்தான். மூத்தவன விடுங்க.”

மேசையருகே நின்றவர் படை அதிகாரியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அதிகாரி ரப்பரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வீடுவரைக்கும் பலகையை அம்மாவே சுமந்து வந்தார். தப்பிவிட்டேன் என்ற சந்தோசம் எனக்குள் ஒரு பக்கம் துள்ளியது, பொய் சொல்ல மாட்டேன். மறுபக்கம் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. கொட்டில் வாசலில் அம்மா நின்று, காலில் கிடந்த ரப்பர்ச் செருப்பு இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்தார்.

“இந்தா, மனே. இதுல அவண்ட பேர வெட்டு.”

அன்றைக்கே வாரைப் பிடுங்கித் தரையில் தேய்த்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய்த்தாளைப் பிடித்துக்கொண்டார். கவிழ்ப்பதற்கு முன் அதைத் திருப்பிவிட்டதும் அவர்தான்.