வாய்க்காலில் சொன்ன குறை

அந்த வருஷம் அறுப்புக் கூலித் தகராறு எங்கள் ஊரையும் விடவில்லை. வயலில் கொடி நடுவதும், விடிவதற்குள் யாரோ பிடுங்குவதும், தாசில்தாரின் ஜீப் வந்து நிற்பதுமாக மார்கழி போயிற்று. தையில் ஒருவழியாகக் கூலி பேசி முடித்து சம்பா அறுத்தார்கள். ஆனாலும் மிராசுதார் தெருவும் கூலிக்காரர் தெருவும் முகம்கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு தெருப் பையன்களும் சேர்ந்து நின்ற ஒரே இடம் எங்கள் சடுகுடு அணிதான்.

நான் அப்போது கூட்டுறவுப் பண்டகசாலையில் குமாஸ்தா. அணிக்கு கேப்டனும் நானே. எங்களுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. கோட்டுக்குள் வந்துவிட்டால், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், ஒருவருக்கொருவர் 'டா'தான்; மூத்தவன் என்பதால் நான் மட்டும் 'அண்ணே'. இன்னொன்று, ஒருவனிடம் குறை சொல்ல வேண்டுமென்றால், ஆட்டம் முடிந்து வாய்க்காலில் கால் கழுவும்போது எல்லார் முன்னிலும் சொல்ல வேண்டும். முதலில் இரண்டு நல்லது, பிறகு ஒரு குறை. கரையேறிய பின் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

அந்தத் தையில் மிராசுதாரின் கடைசிப் பையன் தஞ்சாவூர்க் கல்லூரியிலிருந்து வந்து அணியில் சேர்ந்தான். பாடிப் போனால் விரால் மீன்தான், யார் கையிலும் நிற்கமாட்டான். பிடிக்கும்போதுதான் தொல்லை. எதிரி பாடி வரும்போது நாங்கள் கைகோத்துச் சங்கிலியாக நிற்க வேண்டும். இவன் மட்டும் பக்கத்தில் நிற்பவனிடம் கையைக் கொடுத்த மாதிரி கொடுத்து உருவிக்கொள்வான். பக்கத்தில் நின்றவன் எங்கள் இடது மூலை ஆட்டக்காரன், கூலிக்காரர் சங்கத் தலைவரின் மகன்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கு அக்கரை ஊரோடு பந்தயம். வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு முன்னால் மூலைக்காரன் என்னைத் தனியே அழைத்தான்.

"அண்ணே, அவனுக்கு என் கையத் தொடப் புடிக்கல. நல்லாவே தெரியுது. இன்னிக்கும் உருவுனான்னா ஞாயித்துக்கெழம நான் வரல. எங்க தெரு ஆளு நாலு பேரும் வரமாட்டோம்."

நாலு பேர் போனால் அணி ஏது? அந்தச் சமயத்தில் உடைந்தால் மறுபடி சேராது என்பதும் எனக்குத் தெரியும்.

அன்றும் உருவினான். ஆட்டம் முடிந்து எல்லோரும் வாய்க்காலில் இறங்கினோம். மேட்டூர் அணையை அடைக்க இன்னும் சில நாள் இருந்ததால் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. நான் சொல்ல வேண்டியதை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு தொடங்கினேன்.

"தம்பி, பாடும்போது ஒன் மூச்சு நல்லா நிக்குது. ஆளத் தொட்டதும் திரும்புற வேகம் இந்த அணியில வேற யாருக்கும் இல்ல. ஆனா பிடிக்கையில கைய விட்டுடுற. நீ ஒருத்தன் விட்டா சங்கிலியே அறுந்துபோவுது. ஏன்?"

அவன் தண்ணீரையே பார்த்தான். பிறகு மூலைக்காரனைக் காட்டினான்.

"மொத நாள் என் கையப் புடிச்சுட்டு இவன் என்ன சொன்னான்னு கேளுங்கண்ணே. 'என்னடா இது, பரோட்டா மாவு கணக்கா இருக்கு'ன்னான். எல்லாரும் சிரிச்சீங்க. நீங்களுந்தான்."

மூலைக்காரன்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தான்.

"அடப்பாவி! அதுக்காடா? நான் என்னன்னமோ நெனச்சு எங்கப்பாகிட்டகூட சொல்லிட்டேன்டா!"

"சிரிக்காதடா. நீ அருவா புடிக்கிற மாதிரியில்ல புடிக்கிற. மறுநாள் என்னால பேனாவே புடிக்க முடியல. வலிக்குதுன்னா அதுக்கும் சிரிப்பீங்க."

"பின்ன, சிரிக்காம? சரி, வா இங்க."

மூலைக்காரன் அவன் உள்ளங்கையை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்தான். "ஆத்துல வெள்ளம் போறப்ப இப்படித்தான் புடிச்சுத் தாண்டுவோம். ஈரக் கை வழுக்கும், இது வழுக்காது. நீயும் என் மணிக்கட்டப் புடி. இப்ப இழுத்துப் பாரு."

இழுத்துப் பார்த்தார்கள். இருவரும் சேர்ந்து வாய்க்காலில் விழுந்தார்கள். பிடி மட்டும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் வந்தார்கள். கடைசிப் பாட்டுக்கு அக்கரையிலிருந்து ஒரு ஆள் வந்தான், நெல்மூட்டை மாதிரி உடம்பு. அவன் கால் எங்கள் பிடியில் மாட்டியது. சங்கிலியையே நடுக்கோட்டை நோக்கி இழுத்துக்கொண்டு போனான். மிராசுதார் வீட்டுப் பையன் குப்புற விழுந்து, அறுத்த வயலின் தாளில் உரசிக்கொண்டே போனான், மணிக்கட்டை விடவில்லை. கூட்டத்தில் ஒரு பக்கம் மிராசுதார், மறுபக்கம் சங்கத் தலைவர். மாதக்கணக்கில் எந்த வார்த்தையிலும் ஒத்துப்போகாத இருவரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள்: "விடாதடா!" கத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிராசுதார் உடனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், ஏதோ அதற்காகத்தான் எழுந்தவர் போல. கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது வந்தவனுக்கு மூச்சு முடிந்தது; பந்தயம் எங்களுக்கு.

கால் கழுவ இறங்கியதும் மிராசுதார் வீட்டுப் பையன், "அண்ணே, இன்னிக்கி ஒங்களுக்குச் சொல்லணும்" என்றான். அவன் நெஞ்செல்லாம் தாள் கீறல்.

"சொல்லு."

"நல்லது ஒண்ணு, எல்லாரையும் கொண்டாந்து நிறுத்துனீங்க. ரெண்டாவது நல்லது…" யோசித்தான். மூலைக்காரனைப் பார்த்தான்.

"வுடுறா, கெடைக்காது. கொறையச் சொல்லு" என்றான் மூலைக்காரன்.

"எல்லாரும் இழுத்துக்கிட்டு கெடக்குறோம், நீங்க மட்டும் நின்னு வேட்டிய மடிச்சுக் கட்டுறீங்கண்ணே!"

அன்று இழுபறியில் என் வேட்டி அவிழ்ந்துவிட்டது. வேறு வழி எனக்கு இருக்கவில்லை. அதைச் சொல்லலாமென்று வாயெடுப்பதற்குள் அத்தனை பேரும் கரையேறிவிட்டார்கள்.